கார்விங் போர்டு திரும்ப மறுக்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் முறை

கார்விங் போர்டு, சர்ஃப்ஸ்கேட் என்று இரண்டு பெயரிலும் கடைகளில் விற்கிறார்கள். சாதாரண ஸ்கேட்போர்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முன்பக்க ட்ரக்கில், அதாவது சக்கரங்களைப் பலகையோடு இணைக்கும் உலோகப் பாகத்தில், இருக்கிறது. சாதாரண ட்ரக் ஓரளவுதான் வளையும். இதன் முன் ட்ரக்கோ ஸ்பிரிங் வைத்த கையின் உதவியாலோ, சாய்த்துப் பொருத்திய கிங்பின்னின் (ட்ரக்கின் நடுவிலுள்ள பெரிய போல்ட்) உதவியாலோ ஆழமாக வளைந்து, பலகையின் மூக்கை இடமும் வலமும் வீசும். பின் ட்ரக் இறுக்கமாக இருக்கும். அதை அச்சாக வைத்துத்தான் முன்பக்கம் சுழல்கிறது.

1996இல் கலிஃபோர்னியாவின் வெனிஸில் கிரெக் ஃபால்க், நீல் கார்வர் என்ற இரு அலைச்சறுக்கு ஆர்வலர்கள் தொடங்கியது, இவ்வகைப் போர்டுகளைச் செய்யும் கார்வர் நிறுவனம். அலை இல்லாத நாளில் தெருவிலேயே அலைச்சறுக்குப் பழக வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். புதிதாக ஏறுகிறவர் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அலைச்சறுக்கில் கணுக்காலை முறுக்கித் திரும்புவதில்லை. கண் திரும்பும், தோள் திரும்பும், இடுப்பு திரும்பும், கடைசியில் பலகை வரும். பயணம் நேராகப் போகிறது, வளைவு நடுவில் செத்துப்போகிறது, ஒரு பக்கம் மட்டும் திரும்புகிறது என்று வருகிற புகார்களில் பெரும்பகுதி இந்த வரிசை கெட்டுப்போனதால் வருவது. நட்டை முடுக்கித் தளர்த்துவதால் அது சரியாகாது. ஆனால் உண்மையாகவே போர்டில் கோளாறு இருக்கும் நேரங்களும் உண்டு. எது உடம்பின் பிழை, எது போர்டின் பிழை என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

நின்ற இடத்துச் சோதனை

போர்டைப் புல்தரையிலோ தடித்த கால்மிதியின் மேலோ வையுங்கள். சக்கரம் உருளக் கூடாது. சுவரையோ வேலிக் கம்பியையோ ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஓடும்போது நிற்பது போலவே ஏறி நில்லுங்கள். முன்கால், முன் ட்ரக்கின் நான்கு போல்ட்டுகளுக்குச் சற்றுப் பின்னால், குறுக்காக 45 பாகை அளவில் இருக்கட்டும். பின்கால், பின் ட்ரக்கின் போல்ட்டுகளுக்கு மேலே, பலகைக்கு ஏறக்குறையக் குறுக்காக. முழங்காலை மடித்து, உடம்பின் எடையை மெதுவாக விரல் பக்கம் சாயுங்கள். பிறகு குதிகால் பக்கம்.

குனிந்து முன் சக்கரங்களைப் பாருங்கள், அல்லது பக்கத்தில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பலகை சாய்ந்து, முன் அச்சு கண்ணுக்குத் தெரியும்படி திரும்பினால் ட்ரக்கில் குறையில்லை. ஓடும்போது திரும்பாததற்குக் காரணம் நீங்கள் நிற்கும் முறை. முழு எடையையும் ஓரத்தில் போட்டும் அச்சு அசையவில்லை என்றால் ட்ரக் இறுக்கமாக இருக்கிறது, அல்லது புஷிங் (கிங்பின்னைச் சுற்றி இருக்கும் ரப்பர் போன்ற உருளை) உங்கள் எடைக்கு ரொம்பக் கடினம். பலகை சாய்ந்து சக்கரத்தைத் தொட்டுவிட்டால் அது வேறு கோளாறு; கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம். இறங்கிய பிறகும் மூக்கு ஒரு பக்கமாகவே கோணி நின்றால் புஷிங் நைந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்.

எந்தக் கால் முன்னால் என்பதே இன்னும் முடிவாகவில்லையா? வீட்டில் காலுறை போட்டுக்கொண்டு மொசைக் தரையில் ஓடிவந்து சறுக்குங்கள். யோசிக்காமல் எந்தக் கால் முன்னே போகிறதோ அதுவே முன்கால். இடது கால் முன்னால் என்றால் ரெகுலர், வலது கால் என்றால் கூஃபி. வலக்கைக்காரர் எல்லாரும் ரெகுலர் என்று நினைத்துவிட வேண்டாம். தவறான கால் முன்னால் வைத்துப் பழகுகிறவருக்கு இரண்டு பக்கத் திருப்பமும் வராது. அவர் பாவம், கீழே சொல்லும் எல்லாத் திருத்தங்களையும் செய்து பார்த்துச் சலித்துப்போவார்.

நேராகவே போகிறது, திரும்பவில்லை

சோதனையில் ட்ரக் நன்றாக இருந்தும் ஓடும்போது திரும்பவில்லை என்றால், பெரும்பாலும் கண் கீழே இருக்கிறது. காலைப் பார்க்கிறவரின் தலை குனியும், தோள் பலகைக்கு இணையாக உறைந்துவிடும், பலகையும் போன வழியே போகும். ஐந்து மீட்டருக்கு அப்பால் ஒரு புள்ளியைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதைப் பார்த்து, முன்கையை அந்தத் திசைக்கு நீட்டி, தோளை அதன் பின்னால் திருப்புங்கள். காலை மறந்துவிடுங்கள். இடுப்பு தோளைப் பின்தொடரும்போது எடை தானாக ஓரத்துக்கு நகரும்.

இரண்டாவது காரணம், பாதம் பலகையின் நடுக்கோட்டில் மட்டும் இருப்பது. நடுவில் எவ்வளவு அழுத்தினாலும் சாய்வு வராது. விரல் பக்கம் திரும்ப விரல் அடிப்பந்தும், குதிகால் பக்கம் திரும்பக் குதிகாலும் பலகையின் ஓரத்தை எட்ட வேண்டும். பெரிய பாதமுள்ளவருக்கு இது தானாக அமையும். சின்னப் பாதமுள்ளவர் அகலம் குறைந்த பலகை பார்த்து வாங்க வேண்டும்.

மூன்றாவது, வேகம். நடை வேகத்துக்கும் குறைவாகப் போனால் சாயத் துணிச்சல் வராது, சாய்ந்தால் விழுந்துவிடுவோம் என்று உடம்பே தடுக்கும். இரண்டு மூன்று தள்ளு தள்ளி, மெதுவோட்ட வேகம் வந்தபின் திரும்பிப் பாருங்கள்.

இப்போது ட்ரக்கின் பக்கம். கிங்பின் நட்டுக்கு 14 மி.மீ ஸ்பானர் பெரும்பாலான ட்ரக்குகளில் பொருந்தும் (அமெரிக்க அளவில் 9/16 அங்குலம்). கால் சுற்று (ஒரு சுற்றில் நான்கில் ஒரு பங்கு) தளர்த்தி, ஓட்டிப் பார்த்து, தேவையென்றால் இன்னொரு கால் சுற்று. ஒரே மூச்சில் இரண்டு சுற்று தளர்த்துவதுதான் புதியவர்கள் செய்கிற பெரிய தவறு. காலையில் திரும்பாத போர்டு மாலையில் நிற்க விடாத போர்டாகிவிடும். நட்டுக்கு வெளியே போல்ட்டின் மரை ஒன்றாவது தெரிய வேண்டும். அதற்கும் உள்ளே போய்விட்டால் நட்டின் நைலான் வளையம் பிடிக்காது, ஓடும்போது கழன்றுவிடும்.

அவ்வளவு தளர்த்தியும் வளையவில்லை என்றால் புஷிங்கை மாற்ற வேண்டும். அதன் கடினத்தைப் பக்கத்தில் 85ஏ, 90ஏ என்று எண்ணால் அச்சிட்டிருப்பார்கள். எண் குறையக் குறைய மென்மை. அண்ணனுக்கு வாங்கிய போர்டில் பன்னிரண்டு வயதுத் தங்கை ஏறினால் திரும்பாததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். பெரியவரின் எடைக்குப் போட்ட புஷிங் 35 கிலோ பிள்ளைக்கு மசியாது. பிள்ளையைக் குறை சொல்வதற்குமுன் மென்மையான புஷிங் போட்டுக் கொடுங்கள்.

ஏறியதும் ஆடுகிறது, காலால் தள்ளும்போது வேறு பக்கம் ஓடுகிறது

இது எல்லாருக்கும் வரும். முன் ட்ரக் தளர்வாக இருப்பது இந்தப் போர்டின் இயல்பு, அதனால் ஒற்றைக் காலில் நின்று தள்ளும்போது எடை கொஞ்சம் ஓரம் போனாலும் மூக்கு திரும்பிவிடும்.

தள்ளும்போது முன்காலின் பாதத்தைப் பலகையின் நீளவாக்கில், மூக்கை நோக்கித் திருப்பி வையுங்கள். அந்த முழங்கால் பாதத்துக்கு நேர் மேலே இருக்கட்டும். பின்கால் தரையைத் தொடும் இடம் பலகைக்கு ஒட்டினாற்போல, முன்காலுக்கு நேர் பக்கத்தில். தூரத்தில் போய்த் தரையைத் தொட்டால் இடுப்பு வெளியே சாயும், பலகையும் அந்தப் பக்கம் போகும். நீண்ட தள்ளு வேண்டாம். குட்டிக் குட்டியாக மூன்று தள்ளு, பிறகு பின்காலைத் தூக்கிப் பின் ட்ரக்கின் மேல் வைத்து, அதன்பிறகு முன்காலைக் குறுக்காகத் திருப்புங்கள். இந்த வரிசை மாறினால் ஆட்டம் வரும்.

ஒரு வாரம் முயன்றும் ஆட்டம் அடங்கவில்லை என்றால் கிங்பின்னைக் கால் சுற்று இறுக்கலாம். கார்வர் சி7 போல ஸ்பிரிங் உள்ள ட்ரக்கில் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மாற்றத் தனி வழி உண்டு. அது எந்த இடத்தில், எந்தக் கருவியால் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். வாங்கும்போதே கடையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிஎக்ஸ் போல ஸ்பிரிங் இல்லாத ட்ரக் தள்ளுவதற்குக் கொஞ்சம் நிதானமானது. தினமும் தாமானிலிருந்து (வீடமைப்புப் பகுதி) கடைக்கோ எல்ஆர்டி ரயில் நிலையத்துக்கோ போய்வரும் எண்ணம் உள்ளவர் அதை எடுப்பதே நல்லது.

விரல் பக்கம் திரும்புகிறது, குதிகால் பக்கம் திரும்பவில்லை

கற்றுக்கொள்கிறவர்கள் அதிக நாள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. விரல் பக்கம் திரும்பும்போது போகிற வழி முகத்துக்கு முன்னால் இருக்கிறது. விரல்களுக்குத் தரையை உணரும் திறமையும் அதிகம். குதிகால் பக்கம் திரும்பும்போது முதுகுப் பக்கம் போகிறோம். கண் அந்தப் பக்கம் போக மறுக்கிறது, உடம்பும் மறுக்கிறது.

தவறு எப்படி இருக்கும் என்று பாருங்கள். கால் நேராக விறைத்திருக்கும், இடுப்பு மட்டும் பின்னால் தள்ளியிருக்கும், நெஞ்சு முன்னால் கவிழ்ந்திருக்கும். பின்னால் போன இடுப்பின் எடையை முன்னால் கவிழ்ந்த நெஞ்சு சமன் செய்துவிடுவதால் குதிகாலுக்கு மிச்சம் ஒன்றும் வருவதில்லை. பலகை அரைகுறையாகச் சாய்ந்து, வளைவு நடுவிலேயே நின்றுவிடும்.

சரியான நிலைக்கு, மணையில் உட்காரப் போகிறவர் போல முழங்காலை மடித்து, முதுகை நிமிர்த்தி இறங்க வேண்டும். மடிகிற மூட்டுகள் முழங்காலும் கணுக்காலும். இடுப்பில் மடிந்து குனியக் கூடாது. முன் தோளைத் திறந்து, போக வேண்டிய பக்கம் முகவாயைத் தோளுக்கு மேலே கொண்டுபோங்கள். பின்கை பலகைக்குக் குறுக்கே முன்பக்கம் வரட்டும். அந்தக் கை பின்னால் தங்கிவிட்டால் இடுப்பு திரும்பாது.

இதை ஓடாமலே பழகலாம். புல்தரையில் போர்டை வைத்து ஏறி, முகவாய், தோள், கை, இடுப்பு என்ற வரிசையில் இருபது முறை செய்யுங்கள். பிறகு சமதரையில் சுண்ணாம்புக் கட்டியால் மூன்று மீட்டர் ஆரத்தில் ஒரு பெரிய வட்டம் வரைந்து, குதிகால் பக்கம் உள்ளே இருக்கும்படி அதன் மேலேயே சுற்றிச் சுற்றி வாருங்கள். பார்வை வட்டத்தின் எதிர்ப்பக்கக் கோட்டில் இருக்கட்டும். ஒரு பக்கத் திருப்பத்தை மட்டும் தனியே எடுத்துப் பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. வட்டம் சீராக வந்தபிறகு ஆரத்தைக் குறைக்கலாம்.

தலைக்கவசம் கண்டிப்பாக வேண்டும். குதிகால் பக்கம் விழுகிறவர் முதுகுவாக்கில் விழுகிறார், தலையின் பின்பக்கமும் கைமணிக்கட்டும்தான் அடி வாங்கும். மணிக்கட்டுக் காப்பும் போட்டுக்கொள்ளுங்கள். நடை வேகம்தானே என்று விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் மணிக்கட்டு முறிகிறது.

விரல் பக்கம் திரும்பாமல் குதிகால் பக்கம் மட்டும் வருகிறது என்றால் திருத்தம் சுருக்கமானது: முழங்காலைக் கால்விரலுக்கு முன்னே தள்ளுங்கள், கணைக்காலின் முன் எலும்பு காலணியின் நாக்கை அழுத்த வேண்டும். சிலிப்பர் போட்டு ஏறியிருந்தால் அதைக் கழற்றிவிட்டுத் தட்டையான அடி உள்ள காலணி போடுங்கள். சிலிப்பரில் விரல் பக்கத் திருப்பம் எளிதில் வராது.

உடம்பெல்லாம் சரி, ஆனாலும் ஒரு பக்கம் மட்டும் கனமாகத் திரும்புகிறது என்றால் புஷிங் ஒரு பக்கமாக நசுங்கியிருக்கலாம். நட்டைக் கழற்றி வெளியே எடுத்துப் பாருங்கள். விளிம்பு பிதுங்கி வெடித்திருந்தால் மாற்றுங்கள். வெடிப்பு இல்லையென்றால் அரைச் சுற்று திருப்பிப் போட்டால் போதும்.

திரும்புகிறது, ஆனால் வளைவுக்கு வளைவு வேகம் குறைகிறது

காலைத் தரையில் வைக்காமல் எஸ் வடிவில் திரும்பித் திரும்பியே வேகம் எடுப்பதைப் பம்ப் என்கிறார்கள். இது வந்துவிட்டால் கார்விங் போர்டு பழகியது போலத்தான். வராததற்குக் காரணம் பெரும்பாலும் நேரம் தப்புவது. வளைவுக்குள் நுழையும்போது முழங்காலை மடித்து இறங்க வேண்டும்; வளைவின் உச்சியைத் தாண்டி வெளியே வரும்போது நிமிர வேண்டும். நிமிரும் அந்த நொடியில் சக்கரங்களை உதைத்துத்தான் முன்னேறுகிறோம். பலர் வளைவின் தொடக்கத்திலேயே நிமிர்ந்துவிடுகிறார்கள். அப்போது அந்த உதை திருப்பத்துக்கு எதிராக வேலை செய்து வேகத்தைத் தின்றுவிடும்.

கணக்கு பிடிக்க வாய்விட்டுச் சொல்வது உதவும். உள்ளே போகும்போது "உட்கார்", வெளியே வரும்போது "எழு". பார்க்கிறவர் சிரிக்கலாம், சொல்லிக்கொண்டே போங்கள்.

அடுத்தது எடை எந்தக் காலில் இருக்கிறது என்பது. அலைச்சறுக்குக் காணொளிகளைப் பார்த்தவர்கள் பின்காலை ஓங்கி அழுத்துவார்கள். சமதரையில் அப்படி அழுத்தினால் பின் சக்கரம் தேய்ந்து வேகம் போகும். எடையில் பாதிக்கு மேல் முன்காலில் இருக்கட்டும். பின்கால் திசையைக் காட்டினால் போதும்.

வளைவின் அளவையும் பாருங்கள். தொடக்கத்தில் எஸ் வடிவம் ரொம்ப அகலமாகவோ ரொம்பக் கூர்மையாகவோ இருக்கும். இரண்டரை மீட்டர் இடைவெளியில் தரையில் ஐந்து சுண்ணாம்புப் புள்ளி வைத்து, ஒன்றுக்கு இடப்பக்கம், அடுத்ததற்கு வலப்பக்கம் என்று போய்வாருங்கள். புட்டி, கல், செருப்பு எதையும் அடையாளமாக வைக்காதீர்கள். சக்கரம் ஏறினால் விழுவீர்கள். ஐந்தும் சீராக வந்தபிறகு இடைவெளியை இரண்டு மீட்டராக்குங்கள்.

உடம்பு சரியாக இருந்தும் வேகம் தங்கவில்லை என்றால் போர்டைக் கவிழ்த்துச் சக்கரங்களை ஒவ்வொன்றாகச் சுற்றிவிடுங்கள். ஒன்று மட்டும் சட்டென்று நின்றால் அதன் அச்சு நட்டு இறுகியிருக்கிறது; 13 மி.மீ ஸ்பானரால் தளர்த்தி, சக்கரத்தைப் பிடித்து இழுத்தால் மயிரிழை அளவு அசையும்படி விடுங்கள். தளர்த்திய பிறகும் கரகரவென்று சுற்றினால் பேரிங் கெட்டிருக்கிறது. பழகும் தரையும் காரணமாக இருக்கலாம். தாமான் உள்சாலைகளில் சரளை துருத்திக்கொண்டிருக்கும் பழைய தார் வேகத்தை உறிஞ்சிவிடும். அதே ஆள், அதே போர்டு, ஃபுட்சால் களத்தின் வழுவழுப்பான சிமெண்டில் ஏறினால் வித்தியாசம் உடனே தெரியும்.

வளைவின் நடுவில் சட்டென்று நின்று ஆளைத் தூக்கி எறிகிறது

போர்டைக் கவிழ்த்து, முன் சக்கரங்களுக்கு நேர் மேலே பலகையின் அடியில் பாருங்கள். பிறை வடிவில் கறுத்து, வண்ணம் உரிந்த ஒரு தழும்பு இருக்கிறதா? விரலால் தடவினால் அங்கே மரம் வழுவழுவென்று பள்ளமாக இருக்கும். ஆழமாகச் சாயும்போது பலகை சக்கரத்தில் உரசி, சக்கரத்தை நிறுத்தியிருக்கிறது. போர்டு நின்றுவிடும், நீங்கள் போய்க்கொண்டே இருப்பீர்கள். மற்ற பிழைகளைப் பொறுமையாகத் திருத்தலாம். இதை மட்டும் சரிசெய்யாமல் மறுபடி ஏறாதீர்கள்.

ட்ரக்குக்கும் பலகைக்கும் நடுவே ரைசர் எனப்படும் தடிப்புத் தகடு போடுவது முதல் வழி. தகட்டின் தடிப்புக்கு ஏற்ப நீளமான போல்ட்டும் வேண்டும்; பழைய போல்ட்டை வைத்து ஒப்பேற்றினால் நட்டு மரையை முழுதாகப் பிடிக்காது. கிங்பின்னைக் கொஞ்சம் இறுக்குவதும், ஒரு படி கடினமான புஷிங் போடுவதும் உதவும். பழைய சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பெரியது போட்ட பிறகு இந்தத் தொல்லை தொடங்கியிருந்தால், பழையதையே திரும்பப் போடுங்கள். இந்தப் போர்டுகளுக்கு வழக்கமாக வரும் சக்கரம் 65 முதல் 70 மி.மீ விட்டம், அதற்கு மேல் போவதற்குமுன் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தழும்பு இல்லையென்றால் கல்தான். மென்மையான சக்கரம் சிறு கல்லைத் தாண்டிவிடும், ஆனால் சாய்ந்து திரும்பும்போது பக்கவாட்டில் மாட்டும் கல்லைத் தாண்டாது. பழகும் இடத்தை முதலில் ஒரு துடைப்பத்தால் பெருக்கிவிடுங்கள். பூங்காக்களில் மரத்தடியில் விழும் காய்களும் கொட்டைகளும் கல்லுக்குச் சமம்.

பின் சக்கரம் வழுக்கிக்கொண்டு போகிறது

கோலாலம்பூரில் பிற்பகலில் மழை பெய்துவிட்டு மாலையில் வெயில் அடிக்கும். தரை காய்ந்தது போலத் தெரியும், நிழலில் இருக்கும் பகுதி ஈரமாகவே இருக்கும். யூரித்தேன் சக்கரத்துக்கு ஈரத் தரையில் பிடிப்பு மிகக் குறைவு. கார் நிறுத்துமிடத்தில் அடித்திருக்கும் வெள்ளை, மஞ்சள் கோடுகள் ஈரமானால் கண்ணாடிதான். பேரங்காடிகளின் மாடி நிறுத்துமிடத் தரை காய்ந்திருந்தாலும் பூச்சினால் வழுக்கும், காவலாளியும் விடமாட்டார். காலை 7 மணியிலிருந்து 9 மணிக்குள் பழகுவது எல்லா வகையிலும் நல்லது: தரை காய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று. அங்கே நடைபாதைகளில் பதித்திருக்கும் மேடுள்ள மஞ்சள் ஓடுகள் பார்வையற்றோர் வழி அறிவதற்காக. சக்கரம் அதில் தட்டித் தடம் மாறும், அது உங்கள் பிரச்சினை. அந்த ஓட்டை நம்பி நடந்து வருகிறவர் உங்கள் போர்டின் சத்தத்துக்கு எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் தடுமாறுவார். அது அவர் பிரச்சினையாகக் கூடாது. அங்கே பழக வேண்டாம். கடைவீதியின் அஞ்சடியும் (கடைகளுக்கு முன்னுள்ள கூரையிட்ட நடைபாதை) வேண்டாம்.

காய்ந்த தரையிலும் வழுக்கினால் சக்கரத்தின் எண்ணைப் பாருங்கள். 78ஏ முதல் 81ஏ வரை இருந்தால் சரி. தந்திரங்கள் செய்யும் சாதாரண ஸ்கேட்போர்டின் 99ஏ, 101ஏ சக்கரங்களை யாராவது மாட்டிவிட்டிருந்தால் வழுக்கத்தான் செய்யும்.

இறக்கத்தில் பலகை உதறுகிறது

வேகத்தைக் குறைத்து இறங்கிவிடுங்கள். எளிதில் வளைய வேண்டும் என்று செய்த முன் ட்ரக், வேகம் கூடும்போது தானாக இடவலம் ஆடத் தொடங்கும். பயந்துபோய்ப் பின்காலுக்கு எடையை மாற்றினால் ஆட்டம் இன்னும் கூடும். உதறல் தொடங்கியதும் எடையை முன்காலுக்குக் கொண்டுவந்து, முழங்காலை மடித்து, பெரிய வளைவாக எடுத்து வேகத்தைக் குறைக்க வேண்டும். நீண்ட இறக்கத்துக்கு இந்தப் போர்டு ஏற்றதல்ல. ட்ரக்கை இறுக்கி இறக்கத்தில் விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சத்தம் போடுகிறது

திரும்பும்போது மட்டும் கீச்சென்றால் புஷிங்கோ, ட்ரக்கின் முனை உட்காரும் பிவட் கப்போ உரசுகிறது. கப்பில் மெழுகு அல்லது சோப்புச் சீவல் கொஞ்சம் வைத்துப் பூட்டினால் அடங்கும். எண்ணெய் விட வேண்டாம், தூசியைச் சேர்த்துக்கொள்ளும்.

உருளும்போது கரகரவென்றால் பேரிங். சக்கரத்துக்கு இரண்டு வீதம் மொத்தம் எட்டு. எல்லாம் 608 என்ற பொது அளவு: உள்விட்டம் 8 மி.மீ, வெளிவிட்டம் 22 மி.மீ, தடிப்பு 7 மி.மீ. மழையில் நனைந்த போர்டை அப்படியே கார் பூட்டில் போட்டு வைத்தால் நம் ஊர் ஈரப்பதத்தில் சீக்கிரமே துருப்பிடித்துவிடும். நனைந்த அன்றே சக்கரத்தைக் கழற்றித் துடைத்துக் காயவிடுங்கள். கழற்றிய பேரிங்கின் வெளிமூடியைக் குண்டூசியால் நெம்பி எடுத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் குலுக்கிக் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் பேரிங் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்தால் அன்றைக்கு நன்றாகச் சுற்றும். உள்ளே இருந்த கிரீஸ் கரைந்துபோய்ச் சில நாளில் மறுபடி கரகரக்கும். துருவின் சிவப்பு குண்டுகள் வரை போய்விட்டால் கழுவிப் பயனில்லை, புதியது வாங்குங்கள்.

ஸ்பிரிங் உள்ள ட்ரக்கில் டக்கென்று தட்டும் சத்தம் வந்தால் ஸ்பிரிங் தளர்ந்து ஆடுகிறது. இறுக்கியும் நிற்கவில்லை என்றால் கடைக்குக் கொண்டுபோங்கள்.

உடம்பு வலிக்கிறது

முன் தொடை வலித்தால் நல்லது, முழங்காலை மடித்திருக்கிறீர்கள். பாதத்தின் வளைவு வலித்தால் விரல்களால் பலகையைக் கவ்விப் பிடிக்கிறீர்கள்; பயம் குறையக் குறைய நிற்கும். முன் முழங்காலின் உள்பக்கம் வலித்தால் விட்டுவிடாதீர்கள். பாதம் ஒரு திசையிலும் முழங்கால் வேறு திசையிலும் இருந்து திருகுகிறது என்று பொருள். முன்பாதத்தை இன்னும் கொஞ்சம் மூக்கு நோக்கித் திருப்பி, முழங்கால் இரண்டாம் விரலுக்கு நேராக வரும்படி வைத்துப் பாருங்கள். அப்படியும் வலித்தால் சில நாள் ஓய்வு. வீங்கினால் மருத்துவரைப் பாருங்கள்.

நேற்று நன்றாகத் திரும்பியது, இன்று இல்லை

முதலில் காலணியைப் பாருங்கள். தடித்த மெத்தை அடி உள்ள ஓட்டக் காலணியில் பலகை எவ்வளவு சாய்கிறது என்று பாதத்துக்குத் தெரியாது. அடுத்து வெயில்: சூட்டில் புஷிங் இளகும். மூடிய காரில் நண்பகல் முழுக்கக் கிடந்த போர்டு வழக்கத்தைவிடத் தளர்வாக ஆடும். நிழலில் கொஞ்ச நேரம் ஆறவிட்டு ஏறுங்கள். மூன்றாவது, நண்பர்கள் யாராவது வாங்கி ஓட்டும்போது தங்கள் வசதிக்கு நட்டைத் திருகியிருப்பார்கள்.

இந்தக் கடைசி விஷயத்துக்கு எளிய வழி உண்டு. ட்ரக் உங்களுக்குப் பிடித்த மாதிரி அமைந்த அன்றே, கிங்பின் நட்டின் ஒரு முனையிலும் அதற்கு நேராகப் பக்கத்திலுள்ள வாஷரிலும் நிரந்தர மார்க்கரால் ஒரு கோடு போட்டு, வெளியே எத்தனை மரை தெரிகிறது என்று எண்ணிப் பலகையின் அடியில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறை ஏறுவதற்கு முன்னும் அந்த இரண்டு கோடும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். விலகியிருந்தால் ஸ்பானரை எடுத்துக் கோடு சேரும் வரை திருப்பிவிட்டு ஏறுங்கள்.